உடலெடைக் குறைப்பும் தலைமைப் பண்பும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்னும் முடிவு பெரும்பாலும் மருத்துவரின் அறையில் பிறக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கும். முழங்கால் வலி மாடிப்படியை மறக்கச் செய்திருக்கும். இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். வீடு திரும்பியவுடன் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. மறுநாள் விடியுமுன் நடைப்பயிற்சி தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் எடை குறைகிறது, வீட்டார் பாராட்டுகின்றனர். மூன்றாம் வாரம் எடைக்கருவியின் முள் அசைய மறுக்கிறது. நான்காம் வாரம் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். ஐந்தாம் வாரம் மழை. ஆறாம் வாரத்தில் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. "இவருக்கு மனவுறுதி போதாது" என்று சுற்றத்தார் தீர்ப்புரைக்கின்றனர். அதனினும் துயரம், அவரும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொள்வதுதான்.

இத்தீர்ப்பு முறையானதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு படை களத்தில் தோற்குமாயின், வீரனுக்கு ஊக்கம் இருந்ததா என்று மட்டும் எவரும் ஆராய்வதில்லை. பகைவனின் வலிமையைத் தலைவன் அளந்தானா, உணவும் நீரும் உரிய காலத்தில் சென்றனவா, நின்ற இடம் தகுந்த இடமா, அறிவுரை கூறத் துணைவர் இருந்தனரா என்றெல்லாம் ஆராய்வர். எடை குறைக்க முனைபவர் ஒருவரே படையாகவும் தலைவராகவும் இருக்கிறார். படைவீரராக அவர் படும் பாட்டை உலகம் காண்கிறது. தலைவராக அவர் ஆற்ற வேண்டிய கடமையை அவரே மறந்துவிடுகிறார். ஊக்கம் என்பது வானிலை போன்றது, வரும், போகும். ஊக்கம் குன்றிய நாளிலும் செயல் நின்றுவிடாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பவரே தலைவர். இவ்வுரை வலியுறுத்த விழையும் கருத்து இது ஒன்றே.

திருக்குறளின் பொருட்பாலில், அரசனுக்குரிய இயல்புகளை 39 ஆம் அதிகாரமாகிய இறைமாட்சி முதல் 63 ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை வரை 25 அதிகாரங்கள் விரிக்கின்றன. அளவறிந்து உண்ணுதலைப் பெரிதும் பேசும் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரமும் அதே பொருட்பாலில்தான் அமைந்துள்ளது. நாட்டை ஆளும் முறையையும் நாவை ஆளும் முறையையும் ஒரே பாலில் வைத்த அமைப்பு எண்ணி மகிழத்தக்கது. அரசனுக்குச் சொன்னவற்றுள் சில, தட்டின் முன் அமரும் எளிய மனிதருக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதைக் காண்போருக்குப் பல நன்மைகள் புலப்படும்.

தம்மை முதலில் அளந்த மேயர்

அதற்கு முன் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் தலைநகர் ஒக்லஹோமா நகரம். மிக் கார்னெட் என்பவர் 2004 முதல் 2018 வரை அந்நகரின் மேயராக விளங்கினார். அதற்கு முன்பு தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வழங்கியவர். உடற்பருமன் மிகுந்த நகரங்கள் என்று இதழ் ஒன்று வெளியிட்ட பட்டியலில் தம் நகரின் பெயரும் இருக்கக் கண்டார். ஒரு தலைவர் அப்பட்டியலைப் பொய் என்று மறுத்திருக்கலாம்; மக்களைக் கடிந்திருக்கலாம். அவரோ தம்முடைய உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். தாமும் உடற்பருமன் உடையோர் வரிசையில் இருப்பதை அறிந்தார். வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவினும் சற்றுக் குறைவு என்னும் அளவில், நாற்பது வாரத்தில் தம் எடையைக் குறைத்தார்.

2007 டிசம்பர் 31 அன்று நகரின் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்றுகொண்டு, நகரம் முழுவதும் சேர்ந்து பத்து லட்சம் பவுண்டு எடையைக் குறைக்கப் போவதாக அறிவித்தார். பெயரைப் பதிவு செய்து, குறைத்த எடையை அவரவரே குறித்து வர ஓர் இணையதளம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 47,000 பேர் பதிந்தனர். 2012 சனவரியில் மொத்தக் கணக்கு பத்து லட்சம் பவுண்டை, அதாவது நாலரை லட்சம் கிலோவை எட்டியது. அவரவர் எழுதிய கணக்காதலின் அதனை ஆய்வுக்கூடத்து அளவையாகக் கொள்ள இயலாது. ஆயினும் வீட்டுக்குள் வெட்கத்தோடு மறைக்கப்பட்ட ஒரு செய்தி ஊர்ப் பேச்சாக மாறியது என்பதில் ஐயமில்லை.

அம்மேயர் அத்துடன் நிற்கவில்லை. மகிழுந்து ஓட்டுவோருக்காகவே கட்டப்பட்ட நகரில் நடக்க விரும்புவோர் எங்கே நடப்பர் என்னும் வினா எழுந்தது. 2009 டிசம்பரில் ஒரு சிறு விற்பனை வரிக்கு மக்கள் வாக்களித்து இசைவு தந்தனர். 77 கோடியே 70 லட்சம் டாலர் மதிப்புள்ள அத்திட்டத்தில் பெரும் பூங்கா, நடைபாதைகள், நடையர்க்கும் மிதிவண்டிக்குமான தடங்கள், முதியோர் நலவாழ்வு மையங்கள் ஆகியன இடம்பெற்றன.

இதில் தலைமைப் பண்புகள் நான்கு வெளிப்படுகின்றன. உண்மை நிலையை ஒளிவின்றி ஏற்றார். பிறரை ஏவுமுன் தாம் நடந்து காட்டினார். எண்ணால் சொல்லத்தக்க இலக்கை வைத்தார். மக்களின் மனவுறுதியை மட்டும் நம்பியிராமல் நடப்பதற்கு வேண்டிய பாதையையும் அமைக்க முனைந்தார். ஒரு நகரத்திற்கு அவர் செய்தவற்றைத் தம் ஓருடலுக்கு ஒருவர் செய்துகொள்ள முடியும்.

வலியறிதல்

பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் 48, 49, 50 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. வினையின் வலிமையையும் தன் வலிமையையும் அளந்தறியாமல் இறங்குதல் கூடாது என்பது முதற்பாடம்.

எடைக் குறைப்பில் அளந்தறிய வேண்டியவை மூன்று. முதலாவது, உயரத்திற்கேற்ற எடை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணே உடல் நிறை குறியீட்டெண். இந்தியருக்கு அவ்வெண் 23 ஆனால் மிகை எடை, 25 ஆனால் உடற்பருமன் என இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். மேலை நாட்டவர்க்குரிய 25, 30 என்னும் வரம்புகள் இங்குப் பொருந்தா. ஏனெனில் இந்தியரிடம் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றிவிடுகிறது. 160 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவரின் குறியீட்டெண் 27. பார்ப்பவர் அவரைப் பருமன் என்று சொல்லமாட்டார், கணக்கு சொல்லும்.

இரண்டாவது, இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பே இதயத்துக்கும் சர்க்கரை நிலைக்கும் மிகுதியான கேடு செய்வது. வேட்டியும் சேலையும் நெகிழ்ந்து கொடுக்கும் இயல்பின. தையற்காரரின் அளவு நாடா நெகிழ்ந்து கொடுப்பதில்லை.

மூன்றாவது, இரத்தத்தின் சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் ஆகியவற்றின் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நிகழ்ந்த பேராய்வின் முடிவு 2023 இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேல் என அது மதிப்பிட்டது. வாயிலில் நிற்பவருக்கு வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. அளந்தாலன்றி அறிய இயலாது.

அளத்தல் ஒருநாள் வேலையன்று. அமெரிக்காவில் ரெனா விங், ஜேம்ஸ் ஹில் என்னும் அறிஞர் இருவர் 1994 இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினர். 30 பவுண்டுக்குக் குறையாமல் எடையைக் குறைத்து, ஓராண்டேனும் அந்நிலையைக் காத்தவர்களே அதில் சேரலாம். பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்த அப்பதிவேட்டில், நூற்றுக்கு 75 பேர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பவர்கள்; நூற்றுக்கு 90 பேர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுழைப்புச் செய்பவர்கள். வாரத்தில் ஒரு குறித்த நாள், காலையில், உணவுக்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுவது போதும். நாள்தோறும் நான்குமுறை ஏறி இறங்குவது கவலையை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்காது.

காலமறிதல்

இரண்டே மாதத்தில் 20 கிலோ என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. அறிவுடைய தலைவர் எட்டும் இலக்கையே வைப்பார். எட்டிய இலக்கே அடுத்த ஊக்கத்தைத் தரும்.

இதற்குச் சான்றாக அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வைக் கூறலாம். அதன் முடிவு 2002 இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு இரண்டே இலக்குகள் தரப்பட்டன. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்தல் ஒன்று. வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற உழைப்பு மற்றொன்று. ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவரோடு ஒப்பிட, இப்பிரிவினரிடம் நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்ட பிரிவில் அக்குறைவு 31 பங்கே. இவ்வளவு நன்மையும் விளைந்தது சராசரியாக ஐந்தரைக் கிலோ அளவில் எடை குறைந்ததனால்தான். அவ்வாய்வில் முழு இலக்கை எட்டியவர் முதல் 24 வாரத்தில் பாதிப்பேர். ஆய்வின் இறுதியில் 38 விழுக்காட்டினரே. ஆனாலும் பயன் விளைந்தது.

70 கிலோ உள்ளவர்க்கு 7 பங்கு என்பது 5 கிலோ. ஆறு மாதத்தில் அதனை அடைய மாதம் ஒரு கிலோவினும் குறைவாகக் குறைந்தால் போதும். 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. இவ்விலக்கைக் கேட்பவர்க்கு அச்சம் பிறப்பதில்லை.

சென்னையிலிருந்து நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006 இல் வெளிவந்தது. 531 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்ட பிரிவினரிடம் நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. வியப்புக்குரிய செய்தி, அவர்களின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதே. எடைக்கருவியின் முள் அசையாத மாதங்களிலும் உடலின் உள்ளே நன்மை நிகழ்ந்துகொண்டிருக்கலாம். முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்துபவர், விளைந்துகொண்டிருக்கும் பயிருக்கு நீரை நிறுத்துபவர் ஆவார்.

காலமறிதலில் மற்றொரு நுட்பமும் உண்டு. முதல் இரு வாரத்தில் குறையும் எடையில் ஒரு பகுதி உடலில் தேங்கிய நீர். ஆகவே தொடக்கத்தில் விரைந்து குறைவதும் பின்னர் மெல்லக் குறைவதும் இயற்கை. இதனை முன்பே அறிந்தவர் மூன்றாம் வாரத்தில் தளர்வதில்லை.

இடனறிதல்

மேயர் நகரில் செய்ததை வீட்டில் செய்ய வேண்டிய இடம் அடுக்களை. ஒவ்வொரு வேளையும் தட்டின் முன் அமர்ந்து ஆசையோடு போராடுவது கடினம். மாதத்தில் ஒருநாள் மளிகைப் பட்டியல் எழுதும்போது வெல்வது எளிது.

கணக்கு ஒன்று பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்க. ஒருவர்க்கு ஒருநாளைக்கு 33 மில்லி. அதன் ஆற்றல் ஏறத்தாழ 275 கலோரி. நெய்யும், வெளியே உண்ணும் பலகாரமும் இதில் சேரவில்லை. பட்டியலில் 4 என்பதை 3 என்று எழுதினால் ஒவ்வொருவர்க்கும் நாளுக்கு ஏறத்தாழ 70 கலோரி குறையும். எவருடைய தட்டிலிருந்தும் ஒரு பிடி சோறும் எடுக்கப்படவில்லை. எவரும் பசியோடு எழவில்லை. தாளிப்பில் ஒரு கரண்டி குறைந்ததை மூன்றாம் நாள் நாக்கு மறந்துவிடும்.

இதுபோலவே, முறுக்கும் இனிப்பும் கண்ணாடிப் புட்டியில் உணவு மேசைமீது இருத்தல் வேறு. மூடிய தூக்கில் மேல் அலமாரியில் இருத்தல் வேறு. சோறு வைக்கும் கரண்டியின் அளவு, தட்டில் முதலில் விழுவது காயா சோறா என்பது, பருப்பும் சுண்டலும் மோரும் நாள்தோறும் இடம்பெறுதல் ஆகியவை சிறு செய்திகள் போலத் தோன்றும். புலால் உண்ணாத குடும்பங்களில் சோறு மிகுந்து பருப்பு குறைந்துவிடுதல் பெருவழக்கு. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பால் பொருள்கள் ஆகியவற்றின் புரதம் பசியை நெடுநேரம் தாங்கச் செய்யும். எடை குறையும்போது தசை கரையாமலும் காக்கும். அறுபதைக் கடந்தோர்க்கு இது மிக இன்றியமையாதது. அவர்கள் உணவை மட்டும் குறைத்து உடற்பயிற்சியை விட்டுவிட்டால், கொழுப்போடு தசையும் கரைந்து நடை தளரும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியை நாள்தோறும் சிலமுறை செய்வதும் நல்ல பயிற்சியே.

பெரியாரைத் துணைக்கோடல்

தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணைவரைப் பெறாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45 ஆம் அதிகாரத்தின் கருத்து. முன் சொன்ன அமெரிக்க ஆய்விலும் பங்கேற்றோர் தனித்து விடப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார். முதல் 24 வாரத்தில் 16 பாடங்கள் நடந்தன. அறிவுரைத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவ்விளைவு கிடைத்திராது.

துணைவர் மருத்துவராக, உணவியல் வல்லுநராக இருக்கலாம். நாள்தோறும் உடன் நடக்கும் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் ஒருவர் காத்திருப்பார் என்னும் எண்ணமே படுக்கையை விட்டு எழுப்பும். ஆனால் துணைவர் என்பவர் புகழ்பவராக மட்டும் இருத்தல் கூடாது. 'இரண்டு வாரமாக எடை எழுதவில்லையே' என்று கேட்கும் உரிமை அவருக்கு அளிக்கப்பட வேண்டும். அவ்வாறு கேட்கும்போது சினம் கொள்ளாதிருத்தல் தலைமையின் அரிய பண்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இடித்துரைத்தல் வேறு, எள்ளி நகையாடல் வேறு. பருமனான பிள்ளையை விருந்தினர் முன்னிலையில் கேலி செய்வதும், மருமகளின் உடலைப் பற்றி உறவினரிடம் பேசுவதும் வழிகாட்டுதல் ஆகா. அவமானப்பட்ட மனம் மறைவில் உண்ணும், எடைக்கருவியை வெறுக்கும். பிள்ளைகளுக்கு எடைக் குறைப்பைப் பற்றிப் பேசுவதைவிட அவர்களோடு மாலையில் விளையாடுவது மேல்.

இடுக்கண் அழியாமை

எவ்வளவு முயன்றாலும் சறுக்கல் நேரும். அந்நேரத்தில் ஒருவர் தம்மை எவ்வாறு நடத்துகிறார் என்பதில்தான் தலைமை விளங்கும்.

சறுக்கலுக்கு உடலியற் காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நிகழ்ந்து 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகக் குறைந்த கலோரி உணவால் பத்து வாரத்தில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்தும் சோதித்தனர். பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுந்தும், நிறைவைத் தரும் சுரப்புகள் குறைந்தும் இருந்த நிலை ஓராண்டுக்குப் பின்னும் முற்றும் மாறவில்லை. இழந்ததை மீட்க உடல் முயல்கிறது. பஞ்சக் காலங்களைக் கடந்து வந்த உடலுக்கு அது தற்காப்பு. ஆகவே எடை குறைத்தவர்க்குப் பசி மிகுவது ஒழுக்கக் குறைவன்று. மேலும் சிறுத்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவு. முன்பு எடையைக் குறைத்த அதே உணவு, பின்னர் எடையைக் காக்கவே போதுமானதாகிறது. இவற்றை அறியாத கொடுங்கோலர் தம்மையே வைது, மறுநாள் பட்டினி கிடந்து, மாலையில் இருமடங்கு உண்பர். அறிந்த நல்லாட்சியர் காரணத்தை ஆராய்வர்.

திருமண விருந்தில் மூன்று இனிப்பு உண்டாயிற்று என்க. அவ்வொரு வேளையால் எடைக் குறைப்பு கெட்டுவிடாது. 'இனி என்ன, எல்லாம் போயிற்று' என்னும் எண்ணமே அடுத்த பத்து நாள்களைக் கெடுக்கும். அடுத்த வேளை உணவு வழக்கமான அளவில் அமைந்தால் போதும். பிறகு அமைதியாக மூன்று வினாக்கள்: மிகுந்த பசியோடு சென்றதா காரணம்? வற்புறுத்தலுக்கு மறுமொழி இல்லாததா? உறக்கம் குறைந்ததா? விடை கிடைத்தால் அடுத்த திருமணத்திற்கு முன்பே ஏற்பாடு செய்யலாம். தண்டனையால் அன்றித் திருத்தத்தால் ஆளப்படும் நாடே நிலைக்கும்.

குடும்பத் தலைமை

எடைக் குறைப்பில் தலைமை என்பது பிறரை ஏவுதல் என்று சிலர் கருதுகின்றனர். மருத்துவர் சொன்னார் என்று, தமக்கு மட்டும் தனிச் சிற்றுண்டி, தனிக் குழம்பு, தனி நேரம் என்று கேட்கும் கணவர் பலர். மனைவிக்கு அடுக்களையில் இரண்டு மடங்கு வேலை. மூன்று வாரத்தில் அவர் களைத்துப்போவார், திட்டமும் களைத்துப்போகும். அனைவரும் உண்ணத்தக்க ஒரே உணவைச் சற்றே திருத்துவதும், காய் நறுக்கக் கை கொடுப்பதும், மளிகைப் பட்டியலைச் சேர்ந்து எழுதுவதும் தலைமைக்கு அழகு.

வீட்டுத் தாயின் நிலை தனியே எண்ணத்தக்கது. அனைவரும் உண்டபின் மீந்ததை வீணாக்க மனமின்றி உண்பவர் அவர். பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசையும், பாத்திரத்தின் அடியில் நின்ற பொங்கலும் அவர் கணக்கில் சேர்கின்றன. உணவை வீணாக்காமை உயர்ந்த பண்பே. அதற்குரிய வழி, அளந்து சமைப்பதும் மீந்ததை உரியவருக்கு உடனே கொடுப்பதும் ஆகும். நடைப்பயிற்சிக்கு அவருக்கு அரைமணி ஒதுக்குவது யார் பொறுப்பு என்று குடும்பம் கூடிப் பேச வேண்டும். அந்த அரைமணியில் காலைக் காப்பியை வேறொருவர் கலக்கலாம். வானம் இடிந்து விழாது.

அன்பின் மொழியும் மாற வேண்டியுள்ளது. விருந்தினருக்கு 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்துதல் தமிழர் விருந்தோம்பலில் ஊறியது. 'போதும் அத்தை, வயிறு நிறைந்துவிட்டது' என்று கூறும் மருமகனை, 'என் கை ருசி பிடிக்கவில்லையா மாப்பிள்ளை?' என்று கேட்டு மடக்குவது அன்பின் வெளிப்பாடாகவே கருதப்படுகிறது. சர்க்கரை நோயுள்ள மாப்பிள்ளைக்கு அக்கரண்டி என்ன செய்யும் என்பதை அன்பு எண்ணிப் பார்த்தல் நன்று. வீட்டின் மூத்தவர் ஒருவர், 'போதும் என்றால் விட்டுவிடுங்கள்' என்று ஒருமுறை சொன்னால் போதும். அந்த வீட்டில் அது மரபாகிவிடும். அச்சொல்லே தலைமை.

நோன்பும் எடைக் குறைப்பும்

சமண மரபில் புறத்தவம் ஆறனுள் முதலாவது உண்ணாநோன்பு. இரண்டாவது, வயிறு நிரம்பாமல் குறைத்து உண்ணும் அவமௌதரியம். நான்காவது, சுவைகளைத் துறத்தல். அவற்றின் நோக்கம் உயிரின் தூய்மை, இடுப்பளவு அன்று. நோன்பை எடை குறைக்கும் கருவியாக்குதல் அதன் பெருமையைச் சுருக்குவதாகும். ஆயினும் அந்நோன்புகளால் பழகிய மனம் ஓர் உண்மையை அறிந்திருக்கிறது: பசி தோன்றியவுடன் உண்டேயாக வேண்டும் என்பதில்லை, ஆசை எழும், சற்று நின்று தணியும். இவ்வறிவு எடை குறைப்போர்க்குப் பெருந்துணை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. நோன்பிற்குப் பின் வரும் பாரணையில் இனிப்பும் நெய்யும் மிகுந்தால் குறைந்த எடை சில நாளில் திரும்பும். அடுத்து, இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தல் உயிருக்கே தீங்காகலாம். கருவுற்றோரும், நலிந்த முதியோரும், வளரும் பிள்ளைகளும் தாமாக எடை குறைக்க முனைதல் கூடாது. முயலாமலே எடை குறையுமாயின் அது மகிழ்ச்சிக்குரியதன்று. உடனே மருத்துவரைக் காண வேண்டியது.

நிறைவாக

பெரிய உறுதிமொழிகள் வேண்டியதில்லை. இல்லந்தோறும் ஓர் அளவு நாடா, நாட்காட்டியில் வாரம் ஓர் எண், மளிகைப் பட்டியலில் ஒரு லிட்டர் குறைவு, உடன் நடக்க ஒரு துணை ஆகிய நான்கும் அமைந்தால் தொடக்கம் நிறைவுறும். ஆறு மாதம் சென்றபின் ஐந்து கிலோ குறைந்திருக்கலாம், மூன்றே குறைந்திருக்கலாம். மூன்று குறைந்தவரும் தோற்றவர் அல்லர். அவர் தம் அளவை அறிந்தவர். தம் வீட்டின் வழக்கத்தை ஓரிழையேனும் மாற்றியவர். சறுக்கியபின் எழக் கற்றவர்.

தாத்தாவோடு கோயில் படிகளை மூச்சிரைக்காமல் ஏறும் பேரப்பிள்ளைகள், அந்நிலை எவ்வளவு கணக்கினாலும் பொறுமையாலும் வந்தது என்பதை அறியமாட்டார்கள். அறியத் தேவையும் இல்லை. அளவாக உண்டு, நாள்தோறும் நடக்கும் ஒரு பெரியவரைக் கண்டு வளர்தலே அவர்களுக்குப் போதிய பாடம். நல்ல தலைமை சொல்லாமலே கற்பிக்கும்.

வாழ்க அறம்! வளர்க நலம்!